பாறையைப் பிடித்த தேவதாரு

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீ அரை மணி நேரம் பேசணும்ப்பா. ஆனா உன் வேலையைப் பத்திப் பேசாதே. போன தடவை ரெண்டு பேர் அவங்கவங்க புராஜெக்டைப் பத்திப் பேசினாங்க, பாதி ஜனம் சாப்பாட்டுப் பந்திக்குப் போயிடுச்சு" என்றார். அணைக்கட்டையும் சுரங்கத்தையும் விட்டால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு மரம். அதுவும் ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான மரம். அதைப் பற்றியே பேசுகிறேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன் முடித்து விடுவேன் என்று உறுதி கூறுகிறேன்.

நான் 2011-இல் இங்கே சிவில் பிரிவில் படித்து முடித்தவன். 2014-இல் வேலை நிமித்தமாக இமாசலப் பிரதேசத்தில் குலு மாவட்டத்துக்குப் போனேன். பியாஸ் நதியின் கரையில், மலைச்சரிவில் ஒரு நீர்மின் திட்டம். திருச்சி வெயிலில் வளர்ந்தவனுக்கு அந்தக் குளிர் முதல் வருஷம் தண்டனை. இரண்டாவது வருஷம் பழகி விட்டது. மூன்றாவது வருஷம் அங்கே நிற்கும் மரங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்து விட்டேன்.

அந்த மரங்களில் ராஜா தேவதாரு. நாட்டு மருந்துக் கடையில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். மரத்தைப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. இமாசலத்தின் மாநில மரம் இது. நன்றாக வளர்ந்தால் 40, 50 மீட்டர் உயரம் போகும். நம் கிறிஸ்தவ நண்பர்கள் வேதாகமத்தில் படிக்கும் லீபனோன் கேதுரு இருக்கிறதே, அது இதற்கு உடன்பிறப்பு. மணாலியில் இடும்பிக்கு ஒரு கோயில் இருக்கிறது. ஆம், மகாபாரதத்தில் பீமன் மணந்த அதே இடும்பிதான். 1553-இல் கட்டிய அந்த மரக் கோயிலைச் சுற்றி நிற்பதெல்லாம் தேவதாருக்கள். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளைக் கல் ஒரு வரி, தேவதாரு மரம் ஒரு வரி என்று மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டியிருப்பார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானம். நம் பேராசிரியர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறேன்.

இந்த மரத்திடம் ஒரு குணம் உண்டு. மற்ற ஊசியிலை மரங்கள் நுனியை ஈட்டி மாதிரி நிமிர்த்தி வைத்திருக்கும். தேவதாரு, குறிப்பாக இளசாக இருக்கும்போது, நுனியைத் தாழ்த்தி வைத்திருக்கும். புதுப் பெண் தலை குனிந்து நிற்பது போல. கிளை நுனிகளும் அப்படியே தொங்கும். மலைப்பாதையில் போகும்போது செங்குத்தான பாறை வெடிப்பில் பிடித்துக்கொண்டு, பள்ளத்தாக்கைப் பார்த்துத் தொங்கி வளரும் மரங்களைப் பார்க்கலாம். பனி மேலிருந்து அழுத்துகிறது, கல் உருண்டு விழுகிறது, மண் சரிகிறது. அது கீழ்நோக்கி வளைந்து, பிறகு நுனியை மட்டும் வெளிச்சத்துக்குத் தூக்கிக் கொள்கிறது. போன்சாய் கலையில் ஜப்பானியர்கள் இதைக் கெங்காய் என்பார்கள். தொங்கும் நுனி தொட்டியின் அடியையும் தாண்டிக் கீழே இறங்கினால் முழு அருவி. விளிம்பைத் தாண்டி, அடி வரை போகாமல் நின்றால் அரை அருவி, ஹான் கெங்காய். பாறை மேலேயே மரத்தை நடுவதற்கு இஷிட்சுகி என்று பெயர். இவை இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது.

ஆசை வந்த கதைக்கு முன்னால் ஒரு கொலைக் கதை சொல்ல வேண்டும்.

2015-இல் ஒரு நர்சரியில் சிறிய தேவதாருக் கன்று ஒன்று வாங்கி, தொட்டியில் வைத்து, ஒரே மாதத்தில் வேரை வெட்டி, கிளையை வளைத்து, கம்பி சுற்றி, எல்லாவற்றையும் செய்தேன். பார்க்க அழகாக இருந்தது. 2016 மார்ச்சில் விடுமுறைக்கு வரும்போது அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று பஸ், ரயில் என்று மாறி மாறி மடியில் வைத்துத் திருச்சிக்குக் கொண்டு வந்தேன். அம்மா துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "இவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்கு, பாவம்டா தம்பி" என்று தினமும் இரண்டு வேளை தண்ணீர். நான் திரும்பிப் போய் விட்டேன். மே மாதக் கடைசியில் கூப்பிட்டு, "மரம் நல்லாத்தான் இருக்கு, பச்சையா இருக்கு. ஆனா தொட்டா ஊசி கொட்டுது" என்றார். அப்போதே அது செத்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும். ஊசியிலை மரங்களில் இது ஒரு சங்கடம். வேர் செத்த பிறகும் இலை பல வாரம் பச்சையாகவே இருக்கும். நாம் உயிரோடு இருக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம். அம்மா ஜூன் வரை ஊற்றினார்.

அம்மா மேல் தப்பில்லை. இரவிலும் சூடு இறங்காத ஊரில் அந்த மரத்தை வைத்தவன் நான். குளிர்காலத்தில் தூங்க வேண்டிய மரம் அது. வெட்டிய வேர் ஆறும் முன்னே கிளையை வளைத்தவனும் நான்தான். மேலே தெரிவதை முதலில் செய்தேன், கீழே தெரியாததைக் கடைசிக்கு விட்டேன். சிவில் இன்ஜினீயர் செய்யக் கூடாத காரியம். அஸ்திவாரம் காயும் முன் மாடி எழுப்பியவனுக்கு இந்தக் கல்லூரியில் எத்தனை மார்க் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

2017 அக்டோபரில் அதே நர்சரிக்கு மறுபடியும் போனேன். நர்சரிக்காரர் வயதானவர். முதல் மரம் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். திட்டவில்லை. "இந்த முறை மரத்தைப் பார்க்காதே, முதலில் கல்லைப் பார்" என்றார் இந்தியில். இன்னொன்றும் சொன்னார்: காட்டிலிருந்து மரத்தைப் பிடுங்கி வராதே. சட்டப்படியும் தப்பு, பிடுங்கிய தேவதாரு பிழைப்பதும் அபூர்வம். அவரிடமே 600 ரூபாய்க்கு ஒரு கன்று வாங்கினேன். முக்கால் மீட்டர் நீளம், கட்டை விரல் பருமன். ஒரு பக்கம் மட்டும் வேர் தடித்திருந்ததால் அவர் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது. எனக்கு அதுதான் வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கல் தேடுவதற்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் போயிற்று. அந்தப் பக்கம் தகடு தகடாகப் பிரியும் பாறை அதிகம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஆகாது. இடுக்கில் புகுந்த தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். நாலு குளிர்காலத்தில் கல் பிளந்து விடும். சுண்ணாம்புக் கல்லும் வேண்டாம் என்று ஒதுக்கினேன். சுரங்கத்தில் நாங்கள் பாறையைச் சுத்தியால் தட்டிப் பார்ப்போம். கணீரென்று சத்தம் வந்தால் கெட்டி. 'டொப்' என்று வந்தால் உள்ளே வெடிப்பு. அதே சோதனைதான். கடைசியில் ஒரு குவார்ட்சைட் கல் கிடைத்தது. 45 சென்டிமீட்டர் உயரம். தோள்பட்டை மாதிரி மேலே ஒரு பள்ளம், பின்பக்கம் மேலிருந்து கீழ் வரை ஒரு வெடிப்பு. குவார்ட்டர்ஸ் வரை தூக்கி வந்ததில் எனக்கு மூன்று நாள் முதுகுவலி.

2018 மார்ச்சில், மொட்டு விரியும் முன், நட்டேன். பள்ளத்தின் ஓரங்களில் நாலு சிறு துளை போட்டு, எபாக்ஸி வைத்துக் கம்பித் துண்டுகளைப் பதித்தேன். எங்கள் தொழிலில் பாறை ஆணி அடிப்போமே, அதன் குழந்தை. பிறகு களிமண், மக்கிய இலை, பழைய சாண எரு, நறுக்கிய பாசி நாலையும் சேர்த்துச் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்தேன். ஜப்பானில் இதற்குக் கெட்டோ என்ற ஒட்டும் சேற்று மண் உண்டு. நமக்கு இதுவே போதும். பள்ளத்தில் அதை அப்பி, வேரைப் பரப்பி, கம்பியால் இழுத்துக் கட்டினேன். வேரோடு வந்த பழைய மண்ணை முழுக்கக் கழுவவில்லை. அதில் வெள்ளை வெள்ளையாக ஒரு பூஞ்சணம் இருக்கும். அது நோய் இல்லை, வேருக்குத் தண்ணீரும் சத்தும் எடுத்துக் கொடுக்கும் தோழன். வேரில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வெட்டவும் இல்லை. நீளமான மூன்று வேரைப் பின்பக்க வெடிப்பு வழியாகக் கீழே தட்டில் இருந்த மணல் வரை இறக்கினேன். மேலே பாசியைப் போர்த்திச் சணல் கயிறு சுற்றினேன். சணல் தானாக மக்கி விடும், அவிழ்க்க வேண்டியதில்லை.

இப்போது அந்த ஒரு பக்க வேர் விஷயம். தொங்கும் மரம் என்பது ஒரு கேன்டிலீவர். பாரம் முழுக்கப் பாறைக்கு வெளியே. பனி விழுந்தால் அது இரட்டிப்பு. அப்போது தொங்கும் பக்கத்து வேர் அழுத்தத்தைத் தாங்குகிறது, எதிர்ப்பக்கத்து வேர் இழுவையைத் தாங்குகிறது. ஆகவே தடித்த வேர் மரம் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வர வேண்டும். மலைச்சரிவில் நிற்கும் மரங்களிலும் கவனித்தால் மேட்டுப் பக்கத்து வேர் கயிறு மாதிரி இழுத்துப் பிடித்திருப்பது தெரியும். நம் பேராசிரியர் கரும்பலகையில் போட்ட அதே படம்.

நட்ட பிறகு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் மிகவும் கஷ்டமான வேலை. ஆறு வாரம் நிழலில் வைத்து, பனித்துளி மாதிரி தண்ணீர் தெளித்தேன். இரண்டு கோடைக்காலம் முழுக்க ஒரு கிளையைக்கூடத் தொடவில்லை. முதல் வருஷம் உரமும் இல்லை. வந்தவர்கள் எல்லாம், "இதுல என்ன போன்சாய் இருக்கு? கல்லு மேல செடி நிக்குது, அவ்வளவுதானே?" என்றார்கள். இரண்டாம் வருஷம் இலையுதிர் காலத்தில் தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்த்தேன். மரத்தோடு சேர்ந்து கல்லும் அசைந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

2019 நவம்பரில் வளைக்க ஆரம்பித்தேன். தேவதாரு வளைந்து கொடுக்கும், ஆனால் விட்டால் நிமிர்ந்து விடும். ஒரு பருவத்தில் படியாது. இரண்டு மூன்று குளிர்காலம் வேண்டும். தண்டுக்கு ஈரச் சணலை நெருக்கமாகச் சுற்றி, ரப்பர் துண்டு வைத்து, பாறையின் அடியில் ஒரு கம்பியைக் கட்டி, நடுவில் ஒரு சின்ன டர்ன்பக்கிள் போட்டேன். வாரத்துக்கு அரைச் சுற்று. அவ்வளவுதான். கிளைகளுக்குச் செம்புக் கம்பி. மோட்டார் ரீவைண்டிங் கடையில் வாங்கி, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மிருதுவாகி விடும். கிளைப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கம்பிப் பருமன் என்பது தோராயக் கணக்கு. சைட்டில் இருக்கிறதே என்று கட்டுக்கம்பியை உபயோகிக்காதீர்கள். துருப்பிடித்துப் பட்டையில் ஒட்டிக்கொள்ளும். செம்பும் பட்டையில் பதிந்து தழும்பு விடும். வசந்தத்தில் தளிர் விட ஆரம்பித்ததும் வாரம் ஒரு முறை பார்த்து, பதியும் முன் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். பிரித்துச் சுற்றி எடுக்கப் போனால் கிளை போய் விடும்.

இத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் ஒரு நாள் தப்பு செய்தேன். சைட்டில் ஒரு தகராறு, கோபத்தோடு வீட்டுக்கு வந்தவன் ஒரே தடவையில் மூன்று சுற்றுத் திருகி விட்டேன். 'சட்' என்று ஒரு சத்தம். வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். உடனே பாதி தளர்த்தி, ஒட்டுக் கட்டும் டேப்பைச் சுற்றி, விளிம்பில் மெழுகு பூசினேன். பாதி நார் அறுபடாமல் இருந்ததால் பிழைத்தது. காயம் மூட இரண்டு வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் அந்த இடம் புடைத்துத் தெரியும். பார்க்கிறவர்கள், "ஆகா, இயற்கையா இருக்கே" என்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை.

தொங்கும் மரத்தில் இன்னொரு சிக்கல். மரத்தின் புத்தி மேலே போவது. சத்தெல்லாம் மேலே உள்ள கிளைக்கே போகும், தொங்கும் வால் பட்டினி கிடக்கும். கவனிக்காமல் விட்டால் மேலே செழித்து, கீழே பட்டுப் போகும். ஆகவே மேல்பக்கத்துத் தளிரை அடிக்கடி கிள்ள வேண்டும், வாலை வளர விட வேண்டும். வாலின் நுனியை ஒரு விரற்கடை மேலே தூக்கி விட வேண்டும், வெளிச்சம் படும்படி. உயரமான பீடத்தில் வைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை திருப்பி வைக்க வேண்டும். கிள்ளும்போது ஊசிகளின் நடுவே கத்தரி போடக் கூடாது, வெட்டிய நுனியெல்லாம் பழுப்பாகி விடும். இரண்டு கொத்துக்கு இடையில் தண்டைத்தான் நறுக்க வேண்டும். பச்சையே இல்லாத பழைய கிளையில் மறுபடி துளிர்ப்பது அரிது. ஒவ்வொரு கிளையிலும் கொஞ்சம் பச்சையை விட்டு வைக்க வேண்டும்.

குளிர்காலத்தில் பாறை மேல் இருக்கும் கைப்பிடி மண் கல்லாக உறைந்து விடும். அப்போது காற்று அடித்தால் ஊசி காயும், வேரால் தண்ணீர் எடுக்க முடியாது. கோணிப்பை சுற்றிச் சுவர் ஓரத்தில் தாழ்வாரத்துக்குக் கீழ் வைப்பேன். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஊற வைத்த கடுகுப் புண்ணாக்குத் தண்ணீர், நன்றாக நீர்க்க. கோடைதான் பெரிய கண்டம். மே, ஜூனில் மழை வரும் முன் அந்தக் கல் சுடும், இரண்டு வேளை தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டே நாளில் முடிந்து விடும்.

அந்தக் கண்டம் 2022 மே மாதம் வந்தது. அப்பாவுக்கு ஆபரேஷன் என்று திடீரென்று கிளம்ப வேண்டியதாயிற்று. பஸ் ஏறிய பிறகுதான் மரம் ஞாபகம் வந்தது. பத்தொன்பது நாள் ஊரில் இருந்தேன். நடுவில் விசாரிக்கவும் மனசு இல்லை. அப்பா முக்கியமா, மரம் முக்கியமா? செத்திருக்கும் என்றே முடிவு கட்டித் திரும்பினேன். வந்து பார்த்தால் பாசி ஈரமாக இருக்கிறது. வால் நுனியில் புதுத் தளிர். எங்கள் மெஸ்ஸில் சமைக்கும் பெரியவர், பக்கத்துக் கிராமத்துக்காரர், காலையிலும் சாயங்காலமும் வந்து டீ வடிகட்டியால் தண்ணீரை மெல்ல மெல்ல விட்டிருக்கிறார். ஒரே ஊற்றாக ஊற்றினால் பாறையிலிருந்து மண் கரைந்து ஓடி விடும் என்பதை அவர் தானாகவே கண்டுபிடித்திருக்கிறார். "யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்று கேட்டேன். "சாப், நான் தினமும் நீங்க செய்யறதைச் சமையலறை ஜன்னல் வழியா பார்த்துட்டுத்தானே இருக்கேன்" என்றார். ஐந்து வருஷமாக அவர் கையால் சாப்பிட்டவன், அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

நண்பர்களே, இந்த ஆண்டு எனக்குத் தெற்கே மாற்றல் ஆகி விட்டது. வீட்டில் பெரிய விவாதம். என் மகள், "நம்ம மரத்தை விட்டுட்டா போறோம்ப்பா?" என்று அழுதாள். ஊட்டியில் யார் வீட்டிலாவது வைக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். குளிர் இருக்கும், வாஸ்தவம். தினமும் இரண்டு வேளை அதைப் பார்க்க நான் அங்கே இருக்க மாட்டேனே. ஒருமுறை என் பெருமைக்காக ஒரு மரத்தை ஊருக்குக் கொண்டு வந்து கொன்றவன் நான். இரண்டாவது முறை செய்வதாக இல்லை.

வாஷிங்டனில் உள்ள தேசிய மரப் பூங்காவில் ஒரு பைன் போன்சாய் இருக்கிறது. 1625 முதல் பயிற்றுவித்து வளர்த்த மரம். 1945-இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அங்கேயே, யமாகி என்ற குடும்பத்தின் தோட்டத்துச் சுவருக்குப் பின்னால் இருந்து தப்பியது. 1976-இல் அதே குடும்பத்துப் பெரியவர் அதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். குண்டுக்குத் தப்பிய மரம் என்ற விஷயம், 2001-இல் அவருடைய பேரன்கள் பார்க்க வந்தபோதுதான் அங்கே தெரிந்தது. தலைமுறை தலைமுறையாகக் கை மாறித்தான் அந்த மரம் வாழ்கிறது. என்னுடையது ஏழு வருஷத்துக் குழந்தை. அதைக் கை மாற்ற எனக்கு என்ன தயக்கம் என்று கேட்டுக் கொண்டேன்.

பெரியவர் வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் வைத்தேன். கிழக்குப் பார்த்த இடம், காற்றுக்குச் சுவர் மறைவு உண்டு. கம்பி, கத்தரி, டர்ன்பக்கிள் எல்லாம் கொடுத்தேன். டர்ன்பக்கிளை மட்டும் திருப்பிக் கொடுத்து விட்டார். "இது வேண்டாம் சாப். இனிமே அதுவா போற வழியில போகட்டும்" என்றார். அவருக்கு என்னைவிட மரம் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிட்டு மரத்தைக் காட்டுகிறார். மகள் பேசுகிறாள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. பாசியில் கையை வைத்து, "ஈரமா இருக்கு" என்று அவர் சொல்லி விட்டால் போதும்.

இங்கே மாணவர்களும் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். போன்சாய் வளர்க்க ஆசை வந்தால் தேவதாருவைத் தேடி அலையாதீர்கள். நம் ஊரிலேயே ஆல், அரசு, இச்சி இருக்கிறது. கோட்டைச் சுவரிலும் கோபுரத்திலும் அவை கல்லைப் பிடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லைத் தட்டிப் பாருங்கள், வேரை முதலில் வையுங்கள், இரண்டு வருஷம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். வளைப்பதை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்.

பந்தி தயார் என்று செயலாளர் கை காட்டுகிறார்.